அறிவியல் பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடநூல் குழுவினருக்கு,

வணக்கம். பருவநிலை மாற்றம் பற்றிய பாடங்களில் ஒரு கருத்து அடிக்கடி தலைகாட்டுகிறது: எல்லா உயிரினங்களும் தம் சூழலை மாற்றுகின்றன, மனிதனும் அப்படித்தான். இதில் பொய் ஏதுமில்லை. ஆனால் அத்தோடு விட்டுவிட்டால், படிக்கும் பிள்ளை ‘எல்லாரும் செய்வதுதானே’ என்று பக்கத்தைத் திருப்பிவிடும்.

ஒப்பிட வேண்டாம் என்று சொல்லவில்லை. முழுதாக ஒப்பிடுங்கள் என்கிறேன். காற்றையே மாற்றிய உயிர் நமக்கு முன்பே உண்டு. ஏறக்குறைய 240 கோடி ஆண்டுகளுக்கு முன், சயனோபாக்டீரியாக்கள் என்ற, ஒளிச்சேர்க்கை செய்யும் நுண்ணுயிர்கள் வெளியிட்ட ஆக்சிஜன் வளிமண்டலத்தில் சேரத் தொடங்கியது. அது நிலைபெறக் கோடிக்கணக்கான ஆண்டுகள் பிடித்தன. நாமோ கார்பன் டை ஆக்சைடை, பத்து லட்சத்தில் 280 பங்கு என்ற அளவிலிருந்து 420-க்கு மேல் கொண்டுபோக 300 ஆண்டுகள்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அன்டார்க்டிகா பனிக்குள் அடைபட்ட காற்றுக்குமிழிகளைச் சோதித்திருக்கிறார்கள். தொழிற்புரட்சிக்கு முந்தைய 8 லட்சம் ஆண்டுகளில் அந்த அளவு 300-ஐத் தாண்டியதே இல்லை.

அடுத்து கரையான். அதுவும்தான் மீத்தேன் விடுகிறது என்பார்கள். விடுகிறது, யார் மறுத்தது? ஆனால் அது தின்னும் மரத்திலும் சருகிலும் உள்ள கார்பன் சமீபத்தில் காற்றிலிருந்து வந்தது. வாங்கிய கடனைத் திருப்பித் தருகிறது, அவ்வளவுதான். நிலக்கரியின் கார்பனோ கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்கடியில் கிடந்தது. காற்றின் கார்பனில் கார்பன்-14 என்ற கதிரியக்க வகையும் சிறிது கலந்திருக்கும்; அது மெல்லச் சிதைந்து மறையும். அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 5,730 ஆண்டுகளே என்பதால், நிலக்கரியில் அது மிச்சமிருக்க வழியில்லை. எனவே நிலக்கரியையும் பெட்ரோலையும் எரிக்க எரிக்கக் காற்றில் கார்பன்-14-இன் விகிதம் நீர்த்துப்போகிறது. 1955-இல் வேதியியலாளர் ஹான்ஸ் சூயஸ் இதை மரவளையங்களில் கண்டு சொன்னார்: அண்மையில் வளர்ந்த வளையம், கார்பன்-14 கணக்கில் தன் வயதைவிட மூத்ததாகத் தெரிந்தது. எரிமலைகளும் பழைய கார்பனைத்தான் கக்குகின்றன. ஆனால் ஆண்டுக் கணக்கில் அது மனிதர் வெளியிடுவதில் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது.

காற்று மட்டுமா? 2018-இல் வெளியான ஒரு கணக்கீட்டின்படி, உலகப் பாலூட்டிகளின் மொத்த உயிர்த்திரளில், அதாவது உடல்நிறையில், கால்நடைகள் சுமார் 60 சதவீதம், மனிதர்கள் 36 சதவீதம். யானை முதல் திமிங்கலம் வரை காட்டிலும் கடலிலும் வாழ்பவை எல்லாம் சேர்ந்தே 4 சதவீதம்தான்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. தான் செய்வது சயனோபாக்டீரியாவுக்குத் தெரியாது. நாம் 1958 முதல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் கார்பன் டை ஆக்சைடை அளந்துகொண்டே வெளியிடுகிறோம். நிறுத்தவும் தெரிந்தவர்கள்தான்: 1987-இல் மான்ட்ரியல் உடன்படிக்கை எழுதி, ஓசோன் படலத்தை அரித்த குளோரோபுளூரோகார்பன் வேதிப்பொருள்களைக் கைவிட்டோம். அந்தப் படலம் மெல்ல மீண்டு வருகிறது. இதைத் தனி அத்தியாயத்தில் ஒதுக்காமல், இந்த ஒப்பீட்டுக்குப் பக்கத்திலேயே போடுங்கள்.

அடுத்த பதிப்பில் இடம் போதவில்லை என்றால், உருகும் பனிமேல் நிற்கும் துருவக்கரடிப் படத்தை எடுத்துவிடலாம். சூயஸின் மரவளையம் அங்கே தாராளமாக அடங்கும்.

இப்படிக்கு,
அறிவியல் ஆசிரியை ஒருவர்