ஒரே மாத்திரையில் மூன்று மருந்து: உண்பவருக்குச் சொல்லிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு மருத்துவமனைகளில் மருந்தாளுநராகப் பணியாற்றி ஓய்வு பெற்று, இப்போது சேலம் அம்மாப்பேட்டையில் வசித்து வருகிறேன். சர்க்கரை நோய்க்கு மக்கள் நாள்தோறும் உட்கொள்ளும் மாத்திரைகளைப் பற்றி, மருந்தை எடுத்துக் கொடுப்பவர்கள் சொல்லாமல் விட்டுவிடும் சிலவற்றைத் தங்கள் நாளிதழ் வழியாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

இன்று எழுதித் தரப்படும் சர்க்கரை மாத்திரைகளில் பல, இரண்டு மூன்று மருந்துகளை ஒன்றாகச் சேர்த்த கூட்டு மாத்திரைகள். மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, வோக்லிபோஸ் ஆகிய மூன்றும் அடங்கிய மாத்திரை நம் ஊர்க் கடைகளில் வெகு சாதாரணமாகக் கிடைக்கிறது. அதைச் சாப்பிடுபவரிடம் என்ன மருந்து என்று கேட்டால் கம்பெனி வைத்த பெயரையோ மாத்திரையின் நிறத்தையோதான் சொல்வார். உள்ளே இருக்கும் மூன்றுக்கும் பக்கவிளைவுகள் வேறு வேறு என்பதும், ஒன்று உண்டாக்கும் ஆபத்துக்கு நாம் செய்யும் கைவைத்தியத்தை மற்றொன்று பலிக்காமல் செய்துவிடும் என்பதும் அவருக்குத் தெரியாது. அட்டையில் ஆங்கிலத்தில் நுண்ணெழுத்தில் அச்சிட்டிருப்பதை வைத்து அவர் எப்படித் தெரிந்துகொள்வார்?

முதலில் கிளிமிபிரைடு. கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும் வகையைச் சேர்ந்தது இது. கிளிபென்கிளமைடு, கிளிப்பிசைடு, கிளிக்ளசைடு ஆகியவையும் இதே குடும்பம். இன்சுலின் சுரந்த பிறகு வயிற்றில் சோறு இல்லையென்றால் இரத்தச் சர்க்கரை வேண்டிய அளவுக்கும் கீழே போய்விடும். 100 மில்லி இரத்தத்தில் 70 மில்லிகிராமுக்குக் கீழ் வந்தால் அதைத் தாழ்சர்க்கரை என்கிறோம். கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், உடம்பு குப்பென்று வியர்க்கும், பசி பிடுங்கும். மேலும் இறங்கினால் பேச்சு குழறி, நினைவு தடுமாறி, வலிப்பும் மயக்கமும் வரலாம். இந்த மாத்திரையை உணவை ஒட்டித்தான் போட வேண்டும், உணவைத் தவிர்த்தால் அந்த வேளை மாத்திரையை என்ன செய்வது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது இதனால்தான்.

நம் மாவட்டத்தின் வேலை முறைகளோ இதற்கு நேர் எதிரானவை. விசைத்தறிக் கூடத்தில் இரவு ஷிப்ட் பார்ப்பவர் காலையில் வந்து படுத்து மதியம் எழுந்து சாப்பிடுகிறார். சீட்டில் 'காலை' என்று எழுதியிருப்பதால் மாத்திரையைக் காலையிலேயே விழுங்கிவிட்டுத் தூங்கப் போகிறார். ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் விடியற்காலை வெறும் டீயோடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு தோட்டத்துச் சரிவில் ஏறுபவர்கள் உண்டு. ஆடி மாதத்தில் கோட்டை மாரியம்மனுக்கு விரதம் இருப்பவர்களும், ரமலான் நோன்பு நோற்பவர்களும் மாத்திரை வேளையை மாற்றிக்கொள்ளாமல் இருப்பது இன்னும் ஆபத்து. நோன்புக்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரைப் பார்த்தால் அளவையும் வேளையையும் மாற்றித் தருவார். இதில் பக்திக்கு எந்தக் குறையும் வந்துவிடாது.

குடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை தனியே சொல்ல வேண்டும். இரத்தத்தில் சர்க்கரை குறையும்போது ஈரல் தன் கையிருப்பிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கொடுக்கும். மது உள்ளே இருந்தால் ஈரல் அந்த வேலையைச் சரியாகச் செய்யாது. வெறும் வயிற்றில் குடித்தவர் வியர்த்து, உளறி, சேலம் ஐந்து ரோடு சந்திப்பின் ஓரத்தில் சாய்ந்து கிடந்தால் போகிறவர்கள் போதை என்று எண்ணி ஒதுங்கிப் போவார்கள். சட்டைப் பையில் மாத்திரை அட்டை இருக்கிறதா என்று பார்ப்பவர் அரிது.

இப்போது வோக்லிபோஸுக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டியதே இதுதான். மாவுச்சத்தையும் சாதாரணச் சர்க்கரையையும் குடலில் குளுக்கோஸாக உடைக்கும் நொதிகளைத் தடுத்து வைப்பது இதன் வேலை. அகார்போஸும் இதே வகைதான். உணவுக்குப் பிறகு சர்க்கரை திடீரென்று ஏறாமல் இருக்க இது உதவுகிறது. வயிறு உப்புசம், வாயு, பொருமல் ஆகியவை இதன் வழக்கமான தொல்லைகள், பெரும்பாலோர் சமாளித்துவிடுவார்கள். ஆனால் கூட்டு மாத்திரை சாப்பிட்ட ஒருவருக்குக் கிளிமிபிரைடினால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் உள்ளவர்கள் உடனே என்ன செய்வார்கள்? ஒரு பிடி சர்க்கரையையோ ஒரு துண்டு வெல்லத்தையோ வாயில் போடுவார்கள், அல்லது ஒரு மிட்டாயைக் கொடுப்பார்கள். வோக்லிபோஸ் குடலில் இருக்கும்போது அந்தச் சர்க்கரை உடைந்து இரத்தத்தில் சேரத் தாமதமாகும். கொடுத்தும் ஆள் தெளியவில்லையே என்று எல்லோரும் திகைத்து நிற்பார்கள். இவர்களுக்குக் கொடுக்க வேண்டியது குளுக்கோஸ் மாவு. 15 முதல் 20 கிராம், அதாவது மூன்று நான்கு தேக்கரண்டி, தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துச் சர்க்கரையைப் பார்த்து, ஏறவில்லையென்றால் மறுபடியும் கொடுக்க வேண்டும். குளுக்கோஸ் இல்லாத இடத்தில் நல்ல தேன் உதவும், ஏனென்றால் அதில் குளுக்கோஸ் ஏற்கெனவே தனியாக இருக்கிறது. ஏற்காட்டுச் சாலையில் புட்டியில் விற்கும் எல்லாத் தேனும் தேன்தானா என்பது வேறு விஷயம். ஆகவே குளுக்கோஸ் பொட்டலமே பாதுகாப்பு.

நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. புரையேறி மூச்சு அடைத்துவிடும். 108-ஐ அழைக்க வேண்டும். மயக்கம் தெளிந்துவிட்டது என்று வீட்டிலேயே படுக்க வைத்துவிடுவதும் தவறு. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவை பல மணி நேரம், சிலருக்கு ஒரு நாளுக்கு மேலும் வேலை செய்யும். ஒருமுறை ஏறிய சர்க்கரை நள்ளிரவில் திரும்பவும் இறங்கலாம். முதியவர்களுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் இந்த அபாயம் அதிகம். நாகலூர் போன்ற மலைக் கிராமத்திலிருந்து இரவில் கிளம்பி மருத்துவமனைக்கு வருவது எளிதல்ல என்பதால், பொழுதோடு அழைத்து வந்து கண்காணிப்பில் வைப்பதுதான் நல்லது.

மெட்ஃபார்மின் இவற்றைவிடச் சாதுவானது. தனியாகச் சாப்பிட்டால் தாழ்சர்க்கரை பெரும்பாலும் வராது. பிரான்ஸில் ஜான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் 1957-இல் இதைச் சர்க்கரை நோய்க்குப் பயன்படுத்தி வெளியிட்டார். உடல் பருமனுள்ள நோயாளிகளுக்கு மாரடைப்பையும் மரணத்தையும் இது குறைத்தது என்பதை 1998-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு காட்டியது. தொடக்கத்தில் குமட்டல், பேதி, வாயில் உலோகச் சுவை ஆகியவை வரும். குறைந்த அளவில் தொடங்கி, சாப்பாட்டோடு எடுத்து, மெல்ல அளவைக் கூட்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும். இதற்குப் பயந்து தாமாகவே நிறுத்தியவர்கள் பலரை நான் அறிவேன். நிறுத்தியது யாருக்கும் நன்மையாக முடியவில்லை. மெதுவாகக் கரையும் வகை மாத்திரையைக் கடிக்கவோ பொடிக்கவோ கூடாது. அதன் கூடு மலத்தோடு வெளிவருவதைப் பார்த்து மருந்து உடம்பில் சேரவில்லை என்று கலங்கவும் வேண்டாம்.

மெட்ஃபார்மின் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 30 மில்லிலிட்டருக்குக் கீழே போனவர்களுக்கு இதைத் தரக் கூடாது. இல்லாவிட்டால் அரிதாக, ஆனால் உயிருக்கே ஆபத்தாக, இரத்தத்தில் லாக்டிக் அமிலம் சேரும். கடும் வாந்தி பேதியில் உடம்பு வற்றிப்போன நாட்களில் மருத்துவரைக் கேட்டுத் தற்காலிகமாக நிறுத்தி வைப்பதும், சாய மருந்து ஊசி செலுத்தி ஸ்கேன் எடுக்கப் போகும்போது 'மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன்' என்று முன்கூட்டியே சொல்வதும் இதற்காகவே. ஆண்டுக்கு ஒருமுறையாவது சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனை பார்க்காமல் ஒரே சீட்டை வைத்து வருடக்கணக்கில் மாத்திரை வாங்குவது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது.

நெடுநாள் மெட்ஃபார்மின் சாப்பிடுவோருக்கு வைட்டமின் பி12 குறையலாம். இது பலருக்கும் நேரும் பக்கவிளைவு என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-இல் மருத்துவர்களுக்கு எழுதியது. கால் மரத்துப்போதல், எரிச்சல், சோர்வு ஆகியவை வந்தால் 'சுகர் முத்திவிட்டது' என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். கைத்தறியின் மிதிப்பலகையைக் காலால் உணர்ந்து நெய்பவருக்கும், கொலுசுக்குச் சிறு கண்ணிகளை விரல் நுனியால் பிடித்துப் பற்றவைத்து இணைப்பவருக்கும் அந்த மரப்பு பிழைப்பையே கெடுத்துவிடும். ஓர் இரத்தப் பரிசோதனையில் இக்குறைபாடு தெரிந்துவிடும். மாத்திரையாலோ ஊசியாலோ ஈடுசெய்யலாம்.

அண்மைக் காலத்தில் விலை குறைந்து பரவிவிட்ட டாபாகிளிஃபுளோசின் வகை மாத்திரை, சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. அதனால் பிறப்புறுப்பில் அரிப்பும் பூஞ்சைத் தொற்றும் வரலாம். வெட்கப்பட்டு மறைக்காமல் சொல்ல வேண்டும். அறுவை சிகிச்சைக்குக் குறைந்தது மூன்று நாட்கள் முன்பே இதை நிறுத்துவது வழக்கம்.

சளிக்கும் பேதிக்கும் கடையில் கேட்டு வாங்கும் மருந்துகளிலும் கவனம் தேவை. கிருமிக்கொல்லிகளான சிப்ரோஃபிளாக்சசின், கோட்ரைமாக்சசோல், பூஞ்சைக்கான ஃபுளுகோனசோல் ஆகியவை கிளிமிபிரைடு வகையோடு சேர்ந்தால் சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கக்கூடும். இரத்த அழுத்தம், நெஞ்சுப் படபடப்பு ஆகியவற்றுக்குத் தரப்படும் புரொப்ரனலால் மாத்திரையையும் சேர்த்துச் சாப்பிடுபவருக்குச் சர்க்கரை இறங்கும்போது படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம். வியர்வை மட்டுமே அவருக்கு அறிகுறி. சிறுகுறிஞ்சான் பொடி, பாகற்காய்ச் சாறு என்று கூடவே எடுப்பவர்கள் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டு வந்தது. மனமாரப் பாராட்ட வேண்டிய பணி. அத்திட்டத்தில் வீடு வீடாக வரும் தன்னார்வப் பெண்கள் மாத்திரையோடு ஒரு தமிழ்த் துண்டுச் சீட்டையும் கொடுத்தால் போதும்: மாத்திரையில் உள்ள மருந்துகளின் பெயர், சாப்பிடாத வேளையில் செய்ய வேண்டியது, சர்க்கரை கொடுப்பதா குளுக்கோஸ் கொடுப்பதா, அடுத்த சிறுநீரகப் பரிசோதனை எப்போது. தனியார் மருந்துக் கடைகளும் இதையே செய்யலாம். தோட்ட நிர்வாகங்களும் தறிக்கூட உரிமையாளர்களும் முதலுதவிப் பெட்டியில் குளுக்கோஸ் பொட்டலம் வைக்க வேண்டும் என்று மாவட்டச் சுகாதாரத் துறை அறிவுறுத்தலாம். ஆடிக்கு முன்பே இந்தச் சீட்டு அச்சாகி வந்தால், விரதம் தொடங்கும் முன் வீடுகளுக்குப் போய்ச் சேரும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மருந்தாளுநர்,
அம்மாப்பேட்டை, சேலம்.