மோட்டார் சூட்கேஸ் வாங்க நினைப்பவர்களுக்கு

பெங்களூரிலிருந்து ஜப்பான் வரும் நம் குழுவினர் கவனத்துக்கு: ஏறி உட்கார்ந்து ஓட்டும் இந்த மோட்டார் சூட்கேஸை வாங்கும் முன் அதன் பேட்டரியைக் கழற்ற முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் கெம்பேகவுடா விமான நிலையத்திலேயே பெட்டியை நிறுத்திவிடக்கூடும். பெட்டியைச் சரக்கில் போட்டாலும் பேட்டரி உங்கள் கைப்பையில்தான் வர வேண்டும், முனைகளில் டேப் ஒட்டி. பேட்டரியின் கொள்ளளவு 100 வாட்-மணிக்கு (Wh) மேல் இருந்தால் விமான நிறுவனத்தின் அனுமதி தேவை. 160-ஐத் தாண்டினால் மறந்துவிடுங்கள்.

ஜப்பான் சாலையில் இதற்கு ஓட்டுநர் உரிமம் வேண்டும். ஒசாகாவில் நடைபாதையில் ஓட்டிய பெண் மீது 2024-இல் வழக்கே வந்தது! நகரும் படிக்கட்டு அருகே ஓட்டாதீர்கள், மடியில் குழந்தையை ஏற்றாதீர்கள். என்னைக் கேட்டால் சாதாரணச் சக்கரப் பெட்டியே போதும். மோட்டாரின் எடையும் உங்கள் அனுமதி எடையில்தான் சேரும். ஏற்கெனவே வாங்கியவர்கள் பேட்டரி மேல் உள்ள எழுத்தைப் படமெடுத்து வெள்ளிக்கிழமைக்குள் இங்கே அனுப்புங்கள்.