கல்லும் நிழலும்

அன்புள்ள மூர்த்தி,

உன் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பற்றி நீ எழுதிய கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்த அன்றுதான் வலது விலாவுக்குக் கீழே வலி பிடித்தது. உட்கார்ந்தாலும் வலி, படுத்தாலும் வலி. அடிவயிறுவரை இறங்கி, வாந்தியில் கொண்டுபோய் விட்டது. சிறுநீரகக் கல்தான் என்று யாரும் சொல்லாமலே தெரிந்துவிட்டது.

ஒலியை அனுப்பிப் படம் பிடிக்கும் அல்ட்ராசவுண்ட் எடுத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், கல்லே தெரியவில்லை! சிறுநீரகத்துக்குள் இருக்கும் கல் வெள்ளையாகத் தெரியுமாம். ஒலி அதைத் தாண்டிப் போகாததால் பின்னால் கறுப்பாக நிழல் விழும். என்னுடையது சிறுநீரகத்திலிருந்து மூத்திரப்பைக்கு வரும் குழாயின் நடுப்பகுதிக்கு இறங்கிவிட்டிருந்தது. அங்கே முன்னால் குடல், குடல் நிறைய வாயு. ஒலிக்கு வாயு ஒரு சுவர் மாதிரி. (தோலில் அந்தப் பிசுபிசு ஜெல்லைத் தடவுவதும் இடையில் காற்று நிற்கக் கூடாது என்றுதான்.) வலது சிறுநீரகம் மட்டும் வீங்கியிருந்தது. உடனே டாக்டர், ஓட்டத்தை நிறத்தில் காட்டும் டாப்ளரைப் போட்டு மூத்திரப்பையைப் பார்த்தார். இடது குழாயின் வாயிலிருந்து சிறுநீர் விட்டுவிட்டுப் பீச்சுவது நிறத்தோடு தெரிந்தது. வலது வாய் ஐந்து நிமிடமாகியும் சும்மா கிடந்தது. அந்த வலியிலும் வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன், போ. பிறகு சிடி ஸ்கேனில் 5 மி.மீ. கல் அகப்பட்டது. பதினோராம் நாள் தானாக விழுந்தது.

உன் விஷயத்துக்கு வருகிறேன். உன் ரிப்போர்ட்டில் சிறுநீரகத்தில் நீர்க்கட்டி என்று எழுதியிருந்ததைப் படித்து நீ தூக்கம் கெட வேண்டாம். சுவர் மெல்லியதாக, உள்ளே முழுக்கக் கறுப்பாக, பின்பக்கம் பளிச்சென்று இருந்தால் அது வெறும் நீர்தான். வயதானால் பலருக்கும் வருவது. சுவர் தடித்திருந்தாலோ உள்ளே தடுப்புகள் இருந்தாலோதான் மேற்கொண்டு பார்க்க வேண்டும்.

எனக்குக் கவலை வேறு. இரவில் நாலு தடவை எழுந்திருக்கிறேன் என்கிறாயே, சிறுநீர் கழித்த பிறகு திரும்பப் படுக்கவைத்து ஸ்கேன் எடுத்தார்களா? உன் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எனக்கு எடுத்தார்கள். முழுக்கப் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு வந்து படுத்தால், உள்ளே 140 மி.லி. தேங்கியிருந்தது. நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 0.52-ஆல் பெருக்குகிறார்கள், அவ்வளவுதான் கணக்கு. மூத்திரப்பைக்குக் கீழே ஆண்களுக்கு இருக்கும் புராஸ்டேட் சுரப்பியின் அளவுக்கும் இதே கணக்குதான். ஆனால் சுரப்பி பெரிதாக இருந்தும் தொல்லையில்லாதவர்கள் உண்டு, சிறிதாக இருந்தும் அவதிப்படுகிறவர்கள் உண்டு. அதனால் அந்த எண்ணைவிட, மிச்சம் நிற்கும் சிறுநீரின் அளவைத்தான் நான் கேட்பேன். புற்றுநோய் இல்லை என்று இந்த ஸ்கேனை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, அதையும் நினைவில் வை.

இன்னொன்று. ஸ்கேனுக்கு முன்னால் முட்ட முட்டத் தண்ணீர் குடித்து மணிக்கணக்கில் அடக்கி வைக்காதே. பை அளவுக்கு மீறி விரிந்தால் சரியாகச் சுருங்காது, மிச்சம் கூடுதலாகக் காட்டும். என் 140-இல் எவ்வளவு அப்படி வந்ததோ! அடுத்த வாரம் மறுபடி எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

ரிப்போர்ட்டைப் படமெடுத்து அனுப்பு. மிச்சம் எவ்வளவு என்ற வரி அதில் இல்லையென்றால் நீயும் மறுபடி போய்ப் படு.

உன்,
ராகவன்