கரை உடைந்த பாட்டு

அன்புள்ள ராமு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது, கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தினமும் நான்கு வேளை சொட்டு மருந்து விட வேண்டும் என்பதால் வீட்டோடுதான் இருக்கிறேன். ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவே பழைய பாட்டுகள்.

ஹாஸ்டலில் மேஜையைத் தட்டித் தட்டி நீ வார்டனிடம் திட்டு வாங்கிய பாட்டு நினைவிருக்கிறதா? இங்கிலாந்து ராக் குழு லெட் ஜெப்பலினின் ‘வென் த லெவி பிரேக்ஸ்’ (வெள்ளம் தடுக்கும் ஆற்றுக்கரை உடையும்போது), 1971. அந்த டிரம்ஸ் சத்தம் எப்படி வந்தது என்று அப்போது மண்டையை உடைத்துக்கொண்டோம். இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் ஹெட்லி கிரேஞ்ச் என்று ஒரு பழைய வீடு. 1795-இல் ஏழைகளை அடைத்து வேலை வாங்கக் கட்டியதாம். அதன் கூடத்தில், மாடிப்படி அடியில் குழுவின் டிரம்மர் ஜான் பானமை உட்காரவைத்து, மேலே படிக்கட்டிலிருந்து இரண்டு மைக்கைத் தொங்கவிட்டிருக்கிறார் ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ். நாம் கேட்டது அந்தக் கூடத்தின் முழக்கமும் சேர்ந்துதான். பிறகு டேப்பின் வேகத்தையும் குறைத்தார்கள். அதனால்தான் வெள்ளம் நகர்ந்து வருவதுபோல அத்தனை கனம்.

இந்த வாரம்தான் மூலப்பாட்டைப் பொறுமையாகக் கேட்டேன். அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்கள் கன்சாஸ் ஜோ மெக்காயும் மெம்ஃபிஸ் மின்னியும் 1929 ஜூனில் நியூயார்க்கில் பதிவு செய்தது. இரண்டு கிட்டார், ஒரு குரல், மூன்று நிமிடம். பாடுவது ஜோ. மின்னியின் விரல்கள் கம்பியில் துள்ளி ஓடுகின்றன. ஆட்டம் போடலாம் போல இருக்கிறது. சொல்வதோ, மழை விடாவிட்டால் கரை உடையும், எனக்கு இருக்க இடமில்லை என்று.

பாட்டு சொல்வது அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றில் 1927-இல் வந்த வெள்ளத்தை. ஏப்ரல் 21 அன்று கிரீன்வில் ஊருக்கு மேலே மவுண்ட்ஸ் லேண்டிங்கில் கரை பிய்த்துக்கொண்டது. அந்த வெள்ளத்தில் எழுபதாயிரம் சதுர கிலோமீட்டர் நிலம் மூழ்கியது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடிழந்தார்கள். கிரீன்வில்லில் வெள்ளைக்காரப் பெண்களையும் குழந்தைகளையும் கப்பலேற்றி அனுப்பினார்கள். கறுப்பின மக்களைப் போகவிடவில்லை. போனால் பருத்திக் காட்டுக்கு ஆள் திரும்பாது என்று தோட்ட முதலாளிகளுக்குப் பயம். ஆயிரக்கணக்கான பேரைக் கரைமேலேயே கூடாரத்தில் வைத்து, துப்பாக்கி முனையில் வேலை வாங்கினார்கள்.

இதைத் தெரிந்துகொண்டு கேட்டபோது ஒரு வரியில் அப்படியே நின்றுவிட்டேன். ராத்திரி பகலாகக் கரையில் வேலை செய்கிறேன், தண்ணீரைத் தடுக்க எனக்கு யாருமில்லை என்கிறார் ஜோ. லெட் ஜெப்பலின் பாட்டில் அந்த வரி கிடையாது. அதை விட்டுவிட்டு, கடைசியில் சிகாகோவுக்குப் போகிறேன் என்று சேர்த்திருக்கிறார்கள். சேர்த்ததில் எனக்குக் குறையில்லை. அமெரிக்காவின் தெற்கிலிருந்து கறுப்பின மக்கள் அப்படித்தான் லட்சக்கணக்கில் வடக்கே போனார்கள், ஜோவும் மின்னியுமே சிகாகோவில்தான் போய்க் குடியேறினார்கள். ஆனால் விட்டது மனசை உறுத்துகிறது. மண்வெட்டி பிடித்தவன் பாட்டிலிருந்தே போய்விட்டான்.

இன்னொன்று. லெட் ஜெப்பலின் ஆல்பத்தில், பாட்டை எழுதியவர்கள் என்று குழுவின் நான்கு பேரோடு மின்னியின் பெயரையும் போட்டார்கள். நல்ல காரியம். ஜோவின் பெயர் இல்லை. பாடியவரே அவர்தானே! அவர் 1950-லேயே இறந்துவிட்டார், கேட்க ஆளில்லை. மின்னி 1973-இல் போனார். மிசிசிப்பி மாநிலத்து வால்ஸ் ஊரில் உள்ள அவர் கல்லறையில் 1996-இல்தான் கல் நட்டார்கள். செலவு பாடகி பானி ரெய்ட்டுடையது.

நீ முதலில் ஜோ பாடியதைக் கேள், ஹெட்போன் போட்டு, இரண்டு தடவை. அப்புறம் நம் பழையதைப் போடு. எனக்கு அந்த டிரம்ஸ் இப்போதும் சிலிர்க்கிறது, பொய் சொல்லமாட்டேன். உனக்கு எப்படி இருந்தது என்று எழுது. அந்த கேசட் உன்னிடம்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். தை மாதம் வரும்போது எடுத்து வா. அம்மாவும் உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அன்புடன்,
சேகர்