சேராமலே பிரிந்தவருக்கு

அன்புள்ள உங்களுக்கு,

முடிவை நேரிலேயே சொல்லிவிட்டேன். காரணங்களையும் நீங்கள் அறிவீர்கள். அதற்கு நீங்கள் அளித்த ஒற்றை வரிப் பதில்தான் என்னை எழுத வைக்கிறது: "சேர்ந்திருந்தால்தானே பிரிவதற்கு?"

அதை மறுக்க முடியாததுதான் என் கோபம். நம்மிடையே இருந்ததை நீங்கள் 'பழக்கம்' என்றீர்கள், 'நல்ல புரிதல்' என்றீர்கள். அதற்கு மேல் ஒரு சொல் கேட்டபோது, பெயர் வைத்தால் உறவு சுருங்கிவிடும் என்றீர்கள். கேட்க அழகாக இருந்ததால் அந்த வாதத்தை நானே பிறரிடம் எடுத்துச் சொல்லியிருக்கிறேன். பழக்கத்தில் எவரும் எவருக்கும் கடமைப்பட்டவர் அல்லர். வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் இருக்கலாம். ஏன் என்று கேட்பவருக்குத்தான் சங்கடம்.

ஒரு மாலை உங்கள் கைபேசியைக் காணாமல் இருவரும் தேடினோம். என் கைபேசியிலிருந்து அழைத்தேன். சோபாவின் இடுக்கில் அது அதிர்ந்தது. எடுத்துத் திருப்பினால், திரையில் என் பெயரும் அதையொட்டி 'அலுவலகம்' என்ற சொல்லும். நாம் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்ததே இல்லை. "யார் கண்ணிலாவது பட்டால் உனக்குத்தான் சிரமம்" என்றபடி, நான் கழற்றி வைத்திருந்த மூக்குக்கண்ணாடியை எடுத்து, உங்கள் சட்டை நுனியால் இரண்டு பக்கமும் துடைத்து என்னிடம் நீட்டினீர்கள். அந்தப் பரிவு பொய்யில்லை என்று இன்றும் நம்புகிறேன்.

பதில் பேசாமல் கிளம்பிப் போனதற்கு வருந்துகிறேன், அன்று வேறு எப்படி நடந்துகொண்டிருக்க முடியும் என்பது தெரியாவிட்டாலும். நானும் உங்களை ஒற்றை எழுத்தாகத்தானே பதிந்திருந்தேன் என்று பிறகு சுட்டிக்காட்டினீர்கள். உண்மைதான். ஆனால் என் எழுத்து உங்களை மறைத்தது. உங்கள் சொல் என்னை வேறொருத்தியாக்கியது.

பிறரும் படிப்பார்கள் என்பதால் ஊரையும் பெயரையும் இங்கே தவிர்த்திருக்கிறேன். சில மாதங்களைப் பற்றி எழுதவே போவதில்லை. அகப்பாடல்களில் தலைவனையும் தலைவியையும் பெயர் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பியம் சொல்லும் மரபு என்று நீங்கள்தான் ஒருமுறை எனக்குச் சமாதானம் சொன்னீர்கள். அங்கே பெயரை மறைத்தவர் புலவர், தலைவன் அல்லன். உறவுக்கோ அங்கே பெயர் இருந்தது. ஊரறியாத காதல் களவு. குறளின் காமத்துப்பாலில் உள்ள 25 அதிகாரங்களில் முதல் 7 களவியல், எஞ்சிய 18 கற்பியல், அதாவது மணத்துக்குப் பிந்தைய காதல். தன் காதலைக் களவு என்று அறிந்தவளுக்கு அதற்கு அடுத்த நிலை ஒன்று உண்டு என்பதும் தெரிந்திருக்கும். பழக்கத்துக்கு அடுத்து என்ன என்று நான் யாரிடம் கேட்பது?

ஸ்வீடனில் மணம் செய்துகொள்ளாமல் சேர்ந்து வாழும் துணையைச் 'சம்போ' என்கிறார்கள். அப்படி வாழ்ந்தவர் பிரியும்போது, இருவரின் பயன்பாட்டுக்காக வாங்கிய வீட்டிலும் வீட்டுப் பொருட்களிலும் பங்கு கேட்க 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது. உங்களிடம் பங்கு கேட்க எனக்கு எதுவும் இல்லை. பிரிந்துவிட்டோம் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையைத்தான் நீங்கள் அந்த ஒற்றை வரியில் பறிக்கப் பார்த்தீர்கள்.

நம் இருவருக்கும் தெரிந்தவர்கள் இனிக் கேட்பார்கள். காதலித்தோம், பிரிந்துவிட்டோம் என்றுதான் அவர்களிடம் சொல்லப்போகிறேன். மறுப்பதாக இருந்தால் எனக்கு எழுத வேண்டாம், அவர்களிடமே மறுத்துக்கொள்ளுங்கள்.