பத்தாம் எண் சட்டை யாருக்கு? ரக்பி ஆஸ்திரேலியாவுக்கு ஒரு திறந்த மடல்

நாட்டின் ரக்பியை நிர்வகிக்கும் ரக்பி ஆஸ்திரேலியாவின் இயக்குநர் சபைக்கும், ஆட்டக்காரர் ஒப்பந்தங்களைக் கையாளும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் மெல்பர்னில் வாழும் ரக்பி ரசிகன். கண்டியில் வளர்ந்தவன். ட்ரினிட்டி கல்லூரிக்கும் ரோயல் கல்லூரிக்கும் இடையிலான பிராட்பி கேடய ஆட்டம் நடக்கும் நாளில் ஊரே இரண்டாகப் பிரிவதைப் பார்த்துப் பழகியவன். அதனால் மாநிலப் பற்று, பரம்பரைப் பகை, ‘எங்கள் பையன்’ என்ற உரிமைக் குரல் இவையெல்லாம் எனக்குப் புதியவை அல்ல. அவற்றை மதித்துத்தான், ஆட்டக்காரர்கள் ஒரு மாநில அணியிலிருந்து இன்னொன்றுக்குப் போவதைப் பற்றி எழுதுகிறேன்.

2024 ஜூன் 8 அன்று வெலிங்டனில் மெல்பர்ன் ரெபல்ஸ் தன் கடைசி ஆட்டத்தை ஆடியது. 2011இல் சூப்பர் ரக்பி என்னும் தொழில்முறைத் தொடருக்குள் வந்த அணி, அந்த ஆண்டுதான் முதன்முறையாகக் காலிறுதியை எட்டியிருந்தது. ஹரிகேன்ஸ் 47-20 என்று வென்றது. அந்தப் பருவத்துக்குப் பின் அணி தொடராது என்பதை நீங்கள் மே மாதமே அறிவித்துவிட்டீர்கள். கடன் சுமை எவ்வளவு பெரிது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த முடிவை இங்கே மறுபடி விசாரிக்கப் போவதில்லை. அதற்குப் பின் நடந்ததைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

டனியேலா டுபோ, ஆண்ட்ரூ கெல்லவே, ராப் லியோட்டா ஆகியோர் சிட்னிக்குப் போய் வாரடாஸ் சட்டை அணிந்தார்கள். ஃபிலிப்போ டவுகுனுவும் ஜோஷ் கேனமும் பிரிஸ்பேனுக்குப் போய் ரெட்ஸில் சேர்ந்தார்கள். கார்ட்டர் கோர்டன் நாம் ஆடும் ரக்பி யூனியனையே விட்டு, ரக்பி லீக் என்னும் வேறு வகை ஆட்டத்துக்கு, கோல்ட் கோஸ்ட் டைட்டன்ஸ் அணிக்குப் போனார். அன்று தொடங்கிய வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. டுபோவை ஆளாக்கியது நாங்கள், அவர் எப்படி வாரடாஸின் வான்நீலச் சட்டை போடலாம் என்று குயின்ஸ்லாந்துக்காரர்கள் கேட்டார்கள். நல்லவர்கள் எல்லோரும் ஏன் சிட்னிக்கே போய்ச் சேருகிறார்கள் என்பது பிரம்பீஸ் அணியின் ஊரான கான்பெராவின் கேள்வி. எல்லோரும் பொறுக்கி எடுத்த பிறகு மிஞ்சியவர்கள்தானா எங்களுக்கு என்று ஃபோர்ஸ் அணியின் ஊரான பெர்த் கேட்கிறது. இந்த மூன்று கேள்விகளிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மூன்றும் ஆட்டக்காரர் யாருக்குச் சொந்தம் என்பதைச் சுற்றியே நிற்கின்றன. அவர் வாரத்தில் எத்தனை நிமிடம் ஆடுகிறார் என்று கேட்பவர்கள் குறைவு. ஒப்பந்தங்களில் கையெழுத்திடும் நீங்களும் அதை உரக்கக் கேட்பதாகத் தெரியவில்லை.

என் கோரிக்கை ஒன்றுதான். ஒரு மாநில அணியில் ஆட வாய்ப்பில்லாமல் உட்கார்ந்திருக்கும் ஆட்டக்காரர், ஆள் தேவைப்படும் இன்னொரு மாநில அணிக்குச் சென்று ஆடுவதற்கு ஒரு வெளிப்படையான விதி வேண்டும். அவரை வளர்த்த மாநிலத்துக்கு அதற்கான ஈடும் கிடைக்க வேண்டும். காயத்தால் ஆள் குறையும்போது அணிகள் தமக்குள் பேசிச் சமாளித்துக்கொள்வது உண்டு. நான் கேட்பது அதுவல்ல. ரசிகர் ஒருவர் எடுத்துப் படிக்கக்கூடிய, எல்லோருக்கும் பொதுவான ஒரு விதி.

பத்தாம் எண் சட்டை அணிந்து ஆட்டத்தை நடத்தும் ஃப்ளை-ஹாஃப் இடத்தை எடுத்துக்கொள்வோம். கடந்த சில ஆண்டுகளில் நம்மை மிகவும் வதைத்தது அந்த ஒரு சட்டைதான். 2023 உலகக் கோப்பைக்குக் குவேட் கூப்பரையும் பெர்னார்ட் ஃபோலியையும் விட்டுவிட்டு, இளைஞரான கோர்டனையும் பென் டொனால்ட்சனையும் நம்பிப் போனோம். லியோனில் வேல்ஸிடம் 40-6 என்று தோற்று, வரலாற்றில் முதன்முறையாகக் குழுச் சுற்றோடு வெளியேறினோம். இரண்டு ஆண்டு கழித்து, பிரிட்டன், அயர்லாந்து ஆட்டக்காரர்கள் சேர்ந்த லயன்ஸ் அணியினர் வந்தார்கள். தொடருக்குச் சற்று முன் நியூகாசிலில் ஃபிஜிக்கு எதிரான ஆட்டத்தில் நோவா லொலேசியோ காயமடைந்தார். நம் தேசிய அணியான வாலபீஸின் தொடக்கப் பதினைந்தில் அதுவரை இடம்பெறாத டாம் லைனா, பிரிஸ்பேனில் நேராக லயன்ஸ் முன் நிறுத்தப்பட்டார். அந்த இளைஞர் நன்றாகவே ஆடினார். மூன்றாவது டெஸ்டில் தலையில் அடிபட்டு அவரும் வெளியேறினார்.

அடுத்ததாக எல்லிஸ் பார்க். 2025 ஆகஸ்ட் 16 அன்று ஜோகன்னஸ்பர்க்கின் அந்த மைதானத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக நமக்கு ஃப்ளை-ஹாஃபாக ஆடியவர் 35 வயது ஜேம்ஸ் ஓகானர். 2022க்குப் பிறகு வாலபீஸ் பக்கமே வராதவர். அந்தப் பருவத்தை நியூசிலாந்தின் க்ரூசேடர்ஸ் அணியில் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரராகக் கழித்தவர். 22-0 என்று பின்தங்கிய பிறகு 38-22 என்று வென்றோம். 1963க்குப் பின் அந்த மைதானத்தில் நமக்குக் கிடைத்த முதல் வெற்றி அது. அந்த இரவை நினைத்தால் இன்றும் எனக்கு உடல் சிலிர்க்கிறது. ஓகானருக்கு என் நன்றி என்றும் உண்டு. ஆனால் நான்கு மாநில அணிகளை நடத்தும் ஒரு நாடு, இப்படிப்பட்ட ஆட்டத்துக்கு வெளிநாட்டு அணிகளில் இருந்த ஒருவரை அழைக்க வேண்டிய நிலை ஏன் வந்தது? நம் அணிகளின் பத்தாம் எண் வரிசையில் ஆட்கள் இருந்தார்கள். பெரிய ஆட்டத்துக்குத் தேவையான நிமிடங்கள் அவர்களிடம் இல்லை.

இந்த நேரத்தில்தான் கோர்டன் லீக்கை விட்டுத் திரும்பி வந்தார். எந்த அணிக்கு? ரெட்ஸுக்கு. அங்கே ஏற்கெனவே லைனா இருந்தார். அவருக்குப் பின் ஹாரி மெக்லாஃப்லின்-பிலிப்ஸ். குயின்ஸ்லாந்துக்காரரான கோர்டன் ஊர் திரும்ப ஆசைப்பட்டதில் பிழை இல்லை. நல்ல ஆட்டக்காரர் கிடைக்கும்போது ரெட்ஸ் கை நீட்டாமல் இருக்க முடியாது. பிரிஸ்பேன் ரசிகர்கள் இதைத் தம் அணியின் பலமாகக் கொண்டாடுவதும் இயல்பே. ஆனால் சனிக்கிழமை மாலை பத்தாம் எண் சட்டை ஒருவருக்குத்தான். மூவரில் ஒருவராவது அந்த வாரம் கிளப் ஆட்டத்தோடு நிற்பார், அல்லது கடைசிப் பத்து நிமிடத்துக்கு உள்ளே வருவார்.

இதற்கு எதிரான உதாரணமும் நம்மிடமே இருக்கிறது. வாரடாஸில் டேன் எட்மெட், வில் ஹாரிசன், டொனால்ட்சன் என்று மூவர் ஒரே இடத்துக்குப் போட்டியிட்டபோது, 2024இல் டொனால்ட்சன் பெர்த்துக்குப் போனார். ஃபோர்ஸ் அணியை நடத்தும் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. வாரந்தோறும் ஆடினார், லயன்ஸ் தொடரிலும் களம் கண்டார். சிட்னி ஒருவரை இழந்தது, நாடு ஒருவரைப் பெற்றது.

இது புதிய யோசனையும் அல்ல. 1996இல் சூப்பர் ரக்பி, சூப்பர் 12 என்ற பெயரில் தொடங்கியபோது கான்பெராவில் பிரம்பீஸ் எப்படி உருவானது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜார்ஜ் கிரேகன், ஜோ ராஃப், ஸ்டீஃபன் லார்கம் போன்ற உள்ளூர்க்காரர்களோடு, சிட்னியும் பிரிஸ்பேனும் முதல் வரிசையில் வைக்காதவர்களையும் சேர்த்து ராட் மக்வீன் ஓர் அணியைக் கட்டினார். சிட்னியிலிருந்து ஓவன் ஃபினிகன் வந்தார், குயின்ஸ்லாந்திலிருந்து டேவிட் கிஃபின் வந்தார். மறு ஆண்டே இறுதியாட்டம். 1999இல் கார்டிஃபில் அதே மக்வீனின் பயிற்சியில் ஃபிரான்ஸை 35-12 என்று வீழ்த்தி உலகக் கோப்பையைத் தூக்கியபோது, கிஃபின் லாக்காக ஆடினார். ஃபினிகன் மாற்று ஆட்டக்காரராக வந்து ட்ரை போட்டார். பழைய மாநிலங்களிலேயே காத்திருந்திருந்தால் அவர்கள் இருவருக்கும் அந்த ஆட்டம் வாய்த்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

அந்த முதல் பிரம்பீஸ் அணியில் ப்ராப்பாக ஆடியவர்களில் ஒருவர் யூவன் மெக்கன்சி. பிறந்தது எங்கள் மெல்பர்னில். வாரடாஸுக்கு ஆடினார், பின்னாளில் அதே அணிக்குப் பயிற்சியாளரானார். பிறகு எல்லை கடந்து போய் 2011இல் ரெட்ஸுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் பெரிக் பார்ன்ஸ் ரெட்ஸை விட்டு வாரடாஸுக்குப் போயிருந்தார். பிரிஸ்பேனில் அது பெரிய மனத்தாங்கல். அவர் போன இடத்தில் கூப்பர் முழுப் பொறுப்போடு நின்றார், பக்கத்தில் வில் ஜெனியா. ஒருவர் வெளியேறுவது இன்னொருவர் வளர வழிவிட்டது.

ஆட்களைக் குவிப்பதால் மட்டும் என்ன கிடைக்கும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2025இல் வாரடாஸுக்கு டுபோ, கெல்லவே, லியோட்டாவோடு ஜோசப் சுவாலியும் வந்தார். வாலபீஸ் அணி போலவே தோன்றிய பட்டியல் அது. முதல் ஆறு இடங்களுக்குள் வர முடியவில்லை. டுபோ அந்தப் பருவத்தோடு ஃபிரான்ஸுக்குப் போய்விட்டார். அவரைப் பறிகொடுத்த ரெட்ஸும், பிரம்பீஸும் இறுதிச் சுற்றுகளில் ஆடின.

இங்கே உங்களிடம் நேரடியாகக் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது. 2024இன் தொடக்கத்திலிருந்து வாரடாஸின் நிர்வாகம் உங்கள் கையில் இருக்கிறது. வாலபீஸ் ஆட்டக்காரர்களுக்கு மேலதிக ஊதியம் தருவதும் நீங்கள்தான். எந்த ஆட்டக்காரருக்கு எவ்வளவு மேலதிகம் என்று தீர்மானிப்பவரே, அவர் போய்ச் சேரக்கூடிய நான்கு அணிகளில் ஒன்றை நடத்தவும் செய்கிறார். நீங்கள் நேர்மையாகவே நடந்துகொள்ளலாம். அப்படித்தான் என்று நம்பவே விரும்புகிறேன். ஆனாலும் காரணம் வெளியே சொல்லப்படாத ஒவ்வொரு மாற்றமும் பெர்த்திலும் பிரிஸ்பேனிலும் சந்தேகத்தோடுதான் பார்க்கப்படும். எழுதி வைத்த விதி ஒன்று இருந்தால் அது உங்களுக்கும் பாதுகாப்பு.

அயர்லாந்து இதைச் செய்து காட்டியிருக்கிறது. அங்கேயும் நான்கே மாகாண அணிகள். அங்கேயும் மாகாணப் பற்று கொதிப்பானது. மன்ஸ்டர்காரர் ஒருவரிடம் லென்ஸ்டரைப் பற்றி நல்ல வார்த்தை வாங்குவது எளிதல்ல. 2018இல் லென்ஸ்டரின் முதல் தேர்வு ஃப்ளை-ஹாஃப் ஜானி செக்ஸ்டனுக்குப் பின்னால் வாய்ப்புக்காக நின்ற ஜோயி கார்பெரி, தேசிய நிர்வாகத்தின் ஊக்கத்தோடு மன்ஸ்டருக்குப் போனார். அதே கோடையில் ஜோர்டி மர்ஃபி லென்ஸ்டரிலிருந்து அல்ஸ்டருக்குப் போனார். டப்ளினில் பலருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் முடிவின் காரணத்தை எல்லோரும் புரிந்துகொண்டார்கள்: ஆடுவதற்கு வாய்ப்பு. அந்தத் திட்டத்தைப் பத்து ஆண்டுகள் வழிநடத்திய டேவிட் நுசிஃபோரா யார்? 2004இல் பிரம்பீஸுக்குக் கோப்பை வென்று தந்த பயிற்சியாளர், நம் ஊர்க்காரர். நம்மிடம் இருந்த அறிவு அயர்லாந்துக்குப் போய்ப் பலன் தந்தது.

விதி எப்படி இருக்க வேண்டும் என்பதை என்னைவிட நீங்கள் நன்றாக எழுதுவீர்கள். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். தொடர்ந்து நான்கு வாரம் 23 பேர் பட்டியலில் இடம் கிடைக்காத ஆட்டக்காரர், தானே விரும்பினால், பருவம் முடியும்வரை வேறொரு மாநில அணிக்கு இரவலாகப் போகலாம். சொந்த அணிக்கு எதிராக மட்டும் ஆட மாட்டார். பருவம் முடிந்ததும் திரும்புவார். அவருடைய சம்மதம் இல்லாமல் எதுவும் கூடாது என்பதை அழுத்திச் சொல்கிறேன். பெர்த்துக்கும் பிரிஸ்பேனுக்கும் இடையே ஒரு கண்டத்தின் அகலம் இருக்கிறது. ஆட்டக்காரருக்குக் குடும்பம் இருக்கும், பள்ளி போகும் பிள்ளைகள் இருப்பார்கள். இரவல் காலத்தின் வீட்டு வாடகையும் பயணச் செலவும் உங்கள் கணக்கில் வர வேண்டும். நிரந்தரமாக மாறுபவர்களைப் பொறுத்தவரை, அவரை வளர்த்த மாநிலத்துக்கு ஒரு தொகை போக வேண்டும். அதில் ஒரு பங்கு அவர் சிறுவனாக ஆடிய கிளப்புக்கும் போக வேண்டும். வார இறுதியில் தொத்திறைச்சி சுட்டு விற்றுப் பணம் சேர்க்கும் கிளப்புகள் அவை. தங்களிடமிருந்து ஒரு வாலபீஸ் ஆட்டக்காரர் உருவானதற்கு அவற்றுக்குக் கைதட்டலைத் தாண்டியும் ஏதாவது கிடைக்கட்டும்.

விக்டோரியாவுக்கு இது இன்னும் முக்கியம். இங்கே இப்போது அணி இல்லை, ஆனால் ஆட்டக்காரர்கள் பிறந்துகொண்டுதான் இருக்கிறார்கள். மெல்பர்னில் பிறந்து வளர்ந்த ராப் வலெட்டினி, ரெபல்ஸ் இருந்த காலத்திலேயே கான்பெராவுக்குப் போய், ஆண்டின் சிறந்த வாலபீஸ் ஆட்டக்காரருக்கான ஜான் ஈல்ஸ் பதக்கத்தை ஒன்றுக்கு மேற்பட்ட முறை வென்றார். இந்நகரின் மேற்கிலும் தென்கிழக்கிலும் சமோவா, டோங்கா, ஃபிஜி, மாவோரிக் குடும்பங்களின் பிள்ளைகள் குளிர்காலச் சேற்றில் ஆடுவதை வாரந்தோறும் பார்க்கிறேன். கால்பந்தும் லீக்கும் அவர்களை வாசலில் நின்று அழைக்கின்றன. மற்ற மாநிலங்கள் இங்கிருந்து ஆட்களை எடுக்கட்டும், தடுக்கச் சொல்லவில்லை. எடுக்கும் ஒவ்வொருவருக்கும் ஈடாக இங்குள்ள இளையோர் பயிற்சிக்குப் பணம் திரும்பி வர வேண்டும் என்றே கேட்கிறேன்.

பின்னாளில் திரும்பி வந்த ஃபோர்ஸை 2017இல் சூப்பர் ரக்பியிலிருந்து நீக்கியபோது, அங்கிருந்து ஆடம் கோல்மனும் டேன் ஹேலெட்-பெட்டியும் எங்களிடம் வந்தார்கள். பெர்த் மக்கள் எதைக் கொடுத்து அவர்களை அனுப்பினார்கள் என்பது, 2024இல் எங்கள் ஆட்டக்காரர்கள் பெட்டி கட்டியபோது முழுதாகப் புரிந்தது. அணி மூடப்படும்போது மட்டும் ஆட்டக்காரர்கள் இடம் மாறுவது எந்த மாநிலத்துக்கும் நல்லதல்ல. அணிகள் உயிரோடு இருக்கும்போதே, பேசி வைத்த முறைப்படி மாறட்டும்.

1882 முதல் நியூ சவுத் வேல்ஸும் குயின்ஸ்லாந்தும் மோதி வருகின்றன. இரவலாக வந்தவர் ஒருவர் பட்டியலில் இருப்பதால் அந்தப் பகை தணிந்துவிடாது. டுபோவைப் போல ஒருவர் வான்நீலச் சட்டையில் பிரிஸ்பேனுக்கு வரும்போது அரங்கம் முழுவதும் எழுந்து சத்தமிட்டால், அது ஆட்டத்துக்கு நல்லது என்றே நினைக்கிறேன்.

உலகக் கோப்பை 2027 அக்டோபர் 1 அன்று பெர்த்தில் தொடங்குகிறது. நம் குழுவில் நியூசிலாந்து இருக்கிறது. அதற்கு முன் இந்த விதியை நடைமுறைப்படுத்தி ஒரு முழுப் பருவமாவது ஆட்டக்காரர்கள் ஆட வேண்டும். எனவே 2027 பருவத்துக்கான ஒப்பந்தப் பட்டியல்கள் முடிவாகும் முன் வரைவொன்றை வெளியிடுங்கள். நான்கு மாநில ரசிகர் குழுக்களிடமும், ஆட்டக்காரர் சங்கத்திடமும், அணி இல்லாத விக்டோரியாவிடமும் கருத்துக் கேளுங்கள். முடியாது என்றால், ஏன் முடியாது என்பதையும் எழுத்தில் தாருங்கள்.

இப்படிக்கு,
மெல்பர்ன் ரசிகன் ஒருவன்