ஆண்டறிக்கை: பழைய ரயில் கம்பெனிகளும் அவற்றின் பேர்களும்

தலைவர் அவர்களுக்கும் அங்கத்தினர்களுக்கும் வணக்கம்.

பாலக்காட்டை அடுத்த ஒலவக்கோட்டில் உள்ள நம் தமிழ் வாசகசாலையின் சென்ற ஆண்டு அறிக்கையை வாசிக்கிறேன். வழக்கமான காரியங்கள் வழக்கம்போல் நடந்தன. மழைக்கு ஒழுகிய ஓடுகளை மாற்றினோம். பொங்கலுக்குக் கோலப்போட்டி வைத்தோம். கல்பாத்தித் தேர் சமயத்தில் கூட்டம் போட்டால் யாரும் வரமாட்டார்கள் என்பதால் போடவில்லை. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

இந்த வருஷம் பேச வேண்டியது மாதக் கூட்டங்களைப் பற்றித்தான். நம்மில் பாதிப் பேர் ரயில்வே குடும்பம். பழைய கம்பெனிகளைப் பற்றிப் புதிதாக என்ன இருக்கப்போகிறது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். முதல் கூட்டத்திலேயே ஒரு பள்ளிக்கூடப் பெண், "மெட்ராஸ் ரயில்வே என்று பேர் வைத்துவிட்டு எதற்கு மாமா பேப்பூர் வரைக்கும் போனார்கள்?" என்று கேட்டுவிட்டாள். பேப்பூர் இருப்பது கோழிக்கோட்டுக்குப் பக்கத்தில், மேலைக் கடற்கரையில்.

ராயபுரத்திலிருந்து ஆற்காட்டுக்கு, அதாவது இன்றைய வாலாஜா ரோடுக்கு, 1856 ஜூலை 1-ல் வண்டி ஓடியது. கீழைக் கடலையும் மேலைக் கடலையும் இணைப்பதுதான் திட்டம். 1862-க்குள் நம் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிப் பேப்பூர்ப் பக்கம் எட்டிவிட்டார்கள். பாலக்காடும் பேப்பூரும் அன்று மலபார் ஜில்லா. மலபாரோ மெட்ராஸ் மாகாணம். பட்டணத்தை விட்டு மாகாணத்தை நினைத்துக்கொண்டால் பேர் பொருந்திவிடுகிறது.

மற்ற கம்பெனிகளின் பேர்கள் அத்தனை அடக்கமானவை அல்ல. 'கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா' என்று ஒன்று. நாகப்பட்டினத்தில் ஆரம்பித்து 1861-ல் தஞ்சாவூர், அடுத்த வருஷம் திருச்சி. முதலில் அந்த 'கிரேட்' அவ்வளவுதான். இங்கிலாந்தில் 1835-லேயே 'கிரேட் வெஸ்டர்ன்' வந்துவிட்டது. பங்கு விற்பது லண்டனில். அங்கே நாகப்பட்டினம் என்றால் யாருக்குத் தெரியும்? பேரைப் பெரிதாக வைத்தது அதனால்தான் என்பது என் ஊகம். இதையும் தாண்டியது 'இந்தியன் டிராம்வே'. இந்தியா முழுவதையும் பேரில் வைத்துக்கொண்டு, 1865-ல் அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரம் வரை மூன்றரை அடி அகலமே உள்ள தண்டவாளப் பாதையில் ஓடியது. கூட்டத்தில் சிரிப்பு அடங்க நேரமானது. பிறகு அவர்களே 'கர்நாட்டிக் ரயில்வே' என்று மாற்றிக்கொண்டார்கள். 1874-ல் அதுவும் கிரேட் சதர்னும் சேர்ந்து தென்னிந்திய ரயில்வே ஆயின. பேரிலிருந்த 'கிரேட்' அப்போது போய்விட்டது.

1908-ல் மெட்ராஸ் ரயில்வே, 'சதர்ன் மராட்டா' என்ற இன்னொரு கம்பெனியோடு சேர்ந்தது. ஆனால் ஜோலார்பேட்டையிலிருந்து மங்களூர் வரையிலான நம் பாதை மட்டும் தென்னிந்திய ரயில்வேயிடம் போனது. கம்பெனிதான் மாறியது, தண்டவாளம் அதே இடத்தில் கிடந்தது. எல்லாம் ஒன்றாகித் தெற்கு ரயில்வே ஆனது 1951 ஏப்ரல் 14-ல்.

சமஸ்தானங்கள் பணம் போட்ட பாதைகளில் இந்த ஆடம்பரம் கிடையாது. 1902-ல் திறந்தது 'ஷோரனூர்–கொச்சி'. 1904-ல் மலையைக் குடைந்து செங்கோட்டை வழியாக வந்தது 'திருநெல்வேலி–கொல்லம்'. இரண்டு முனைகளின் பேர், அவ்வளவே. டிக்கெட் வாங்குகிறவனுக்கு வேண்டியதும் அதுதானே. கொச்சி மகாராஜா செலவுக்காகத் திருப்பூணித்துறைக் கோயில் யானைகளின் தங்க நெற்றிப்பட்டங்களை விற்றார் என்று சொல்வார்கள். அந்தக் கதையைப் பேச ஆரம்பித்து அன்றைக்கு விளக்கை அணைக்கவே மறந்துபோனார்கள். அப்புறம், ரிட்டயரான கார்டு ஒருவர் எழுந்து, ஷோரனூர் கொச்சி மண்ணே இல்லை, பிரிட்டிஷ் மலபார் என்றார். சரிதான். பாரதப்புழைக்கு அக்கரையில் உள்ள செறுதுருத்திதான் கொச்சி. மெட்ராஸ் ரயில்வேயைத் தொடுவதற்காக ஆற்றைத் தாண்டி வந்திருக்கிறார்கள்.

பழைய படங்கள் கேட்டு ஓர் அலுவலகத்துக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை. மறுபடி எழுதியிருக்கிறோம்.

கூடத்துச் சுவரில் இந்தப் பாதைகளைக் காட்டும் வரைபடம் தீட்டத் தீர்மானமாகி, வேலை பாதியில் நிற்கிறது. நம் ஸ்டேஷனுக்கு 'ஒலவக்கோடு' என்று எழுதுவதா, இன்றைய போர்டில் உள்ளபடி 'பாலக்காடு சந்திப்பு' என்று எழுதுவதா என்பதில் செயற்குழு இரண்டுபட்டிருக்கிறது. பழைய கம்பெனிக் காலத்து வரைபடம் என்பதால் நான் ஒலவக்கோடு கட்சி. இன்று பொதுக்குழுவில் கை தூக்கி முடிவு செய்யலாம், பெயிண்டர் காத்திருக்கிறார்.

சந்தா பாக்கி உள்ளவர்கள் இன்றே பொருளாளரிடம் கட்டி ரசீது பெற்றுக்கொள்ளவும்.

இப்படிக்கு,
செயலாளர்